பின்வாசல் நேரம்

கிடங்கில் அவளை எல்லோரும் நேரக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள், வாசலுக்கு வாசல் விரல் வைக்கும் வருகை மெஷின்கள். அத்தனையும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். தனியே விட்டால் கடிகாரங்கள் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு ஓடும். அடிக்கடி தலைமைக் கடிகாரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி அவள் கட்டிப்போட்டிருந்தாள்.

பின்வாசல் மெஷின் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒயரைக் கடித்தது நாலுகால் எலியா, இரண்டுகால் எலியா என்று யாருக்கும் தெரியாது. அது சில நிமிஷம் பின்தங்கி ஓடியது. கிடங்கில் பாதிப் பேர் சுற்றிக்கொண்டாவது அந்த வாசலுக்கே வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, பேக்கிங்கில் இருக்கும் அவளுடைய சொந்த அக்கா. இன்னும் ஒரு லேட் விழுந்தால் அக்காவுக்கு வேலை கிடையாது என்று மேலிடம் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தது.

மேனேஜர் மோப்பம் பிடித்துவிட்டார். "ஏம்மா, பின்வாசல் மெஷின் தூங்குதா? இப்பவே சரி பண்ணு."

"ஒயரை மாத்திடறேன் சார். ஆனா கடிகாரத்தை ஒரேயடியா தாவ வெச்சா பதிவெல்லாம் குழம்பிடும். கொஞ்சம் வேகமா ஓட விட்டா அதுவே மெதுவா எட்டிப் பிடிச்சிடும்."

சொன்னது அத்தனையும் உண்மை. அதில் அக்காவைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றுமுதல் மெஷின் அக்காவின் சலுகையைக் கொறிக்க ஆரம்பித்தது. வழக்கம்போல் வந்த அக்கா மயிரிழையில் தப்பினாள். மறுநாள் சற்று முன்னாலேயே கிளம்பினாள், மறுபடியும் மயிரிழை. அப்புறம் பஸ்ஸில் தலை வாரினாள். அப்புறம் கண்ணாடி முன் நிற்பதையே விட்டாள்.

"இந்த பஸ்காரனுக்கு என்னடி கேடு? நாளுக்கு நாள் உருட்டிக்கிட்டு வர்றான்!"

"ரோடெல்லாம் பள்ளம்க்கா" என்றாள் நேரக்காரி, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு.

மெஷின் சரியான நேரத்தை எட்டிப் பிடித்த காலையில், அவள் பின்வாசல் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். வேகத்தை அதிகமாகக் கூட்டிவிட்டோமோ? அக்கா ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து விரலை வைத்தாள்.

பச்சை.

நேரக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா அவளைப் பார்த்துவிட்டாள்.

"இங்க என்னடி வேடிக்கை? நீ விரல் வெச்சியா?"

வைக்கவில்லை. பாய்ந்து போய் வைத்தாள்.

சிவப்பு.

"சே! நேரத்துக்கு வரக் கத்துக்கடி. என்னைப் பாரு!" என்று சொல்லிவிட்டு, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.