வேணாம்னு சொல்லிப் பாரு

என் மகள் கல்யாணம் நின்றுபோன சேதி லயத்தில் எல்லாருக்கும் தெரிந்து, கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை மேல் எனக்குள்ள கோபம் அதுதான். வருசம் பல ஓடியும் போகவில்லை. நிறுத்தியது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

எங்கள் ரப்பர் தோட்டம் சிரம்பான் பக்கம், சுவா என்கிற ஊருக்கு உள்ளே இருக்கிறது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த லயத்து வீட்டு வரிசைகளை ஒரே இடத்தில் நெருக்கி, சுற்றி முள்கம்பி வேலி போட்டது வெள்ளைக்காரச் சர்க்கார். ஒரே ஒரு வாசல். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வீட்டுக் கதவைத் தாண்டக் கூடாது. பலகைச் சுவர் வேறு. பக்கத்து வீட்டில் இருமினால் நமக்குத் தூக்கம் போய்விடும்.

காலையில் மரம் சீவப் போகும்போது, அரிசி ஒளித்துக் கொண்டுபோகிறோமா என்று வாசலில் சோதனை. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமே, அந்த வேலை எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாலைக்கு. முப்பது வயது இருக்கும். அவள் புருசன் தங்கராஜு குடித்தால் அவள் மேல் கை நீளும்.

மாலையில் குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கும். வேறு போக்கிடம் இல்லாத பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் பஞ்சாலையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வயதிலேயே கல்யாணம் பேசிவிடுகிற காலம் அது. வேலி வந்த பிறகு பெற்றவர்களுக்கு இன்னும் அவசரம். அங்கே நடக்கும் பேச்சை என் மனைவி மங்கம்மா வந்து சொல்வாள்.

"என்ன நகை போடுவான்னு கேக்காதீங்கடி. கதவச் சாத்திட்டா விடியிற வரைக்கும் அவனோடதான் கெடக்கணும். அப்ப எப்படி நடந்துக்குவான்னு யோசிங்க."

"அத முன்னாடியே எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?" இது என் மகள் லெட்சுமி.

"சின்ன விசயத்துல வேணாம்னு சொல்லிப் பாரு. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அப்புறம் சரியானா பரவால்ல. பழிவாங்குனான்னா ஓடிரு."

"எங்க ஓடறதுக்கா? சுத்தியும் வேலிதான்லா!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம்.

லெட்சுமிக்கு நான் ராமகிருஷ்ணனைப் பேசி வைத்திருந்தேன். வாசல் காவலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். கையில் துப்பாக்கி, மாதச் சம்பளம். வேலிக்குள் வாழ்கிறவனுக்கு வாசலில் மருமகன் நின்றால் அதைவிட என்ன வேண்டும்?

ஒரு நாள் அவன் அவளிடம் பால் டின் ஒன்றை நீட்டியிருக்கிறான். "வேணாம், அப்பாகிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை, பஞ்சாலை சோதித்து அனுப்பியவளை அவன் மறித்தான். வாளியைக் கவிழ்க்கச் சொன்னான். மறுபடியும் கவிழ்க்கச் சொன்னான். எல்லாரும் போன பிறகும் வெயில் ஏறுகிற வரை நிற்க வைத்தான். அடுத்த நாளும் அதே கூத்து.

இதை என்னிடம் யார் சொன்னார்கள்? ஒருத்தரும் இல்லை. குழாயடியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். பரிசத்துக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன், "வேணாம்ப்பா" என்கிறாள் லெட்சுமி. மங்கம்மாவும் அவள் பக்கம்.

நேரே பஞ்சாலையிடம் போனேன். "நீ வாழற சீருக்கு அடுத்தவங்க வீட்டுப் புள்ளைக்குப் புத்தி சொல்றியா?"

தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே பேசினாள். "வாழற சீரு தெரிஞ்சுதாண்ணே சொல்றேன். முந்தியெல்லாம் அடிச்சா எங்கக்கா வீட்டுக்கு ஓடிருவேன். இப்ப வெளிய வந்தா சுடுவான், உள்ள இருந்தா இவன். அந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

வெற்றிலைக் கட்டை வீட்டு மூலையில் கொண்டுபோய் எறிந்தேன்.

பரிசம் நின்றது. ராமகிருஷ்ணன் சும்மா இருக்கவில்லை. பஞ்சாலை அரிசியைக் கண்டும் காணாமல் விடுகிறாள் என்று மேலே சொல்லி, அவள் வேலையைப் பறித்தான். அவள் மறுபடி மரம் சீவப் போனாள், தங்கராஜுவுக்குப் பக்கத்து நிரையில். இரவில் மட்டும் இருந்தது, பகலிலும் அவனோடு என்று ஆனது.

மழைக்காலத்தில் அவள் கை முறிந்தது. வழுக்கி விழுந்தாள் என்றான் தங்கராஜு. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கா தெரியாது? தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சீட்டு எழுதிக் கொடுத்து, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு லாரி ஏற்றினார். அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்ப மாட்டாள் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அப்படித்தான் ஆயிற்று.

அவள் புறப்பட்ட அன்று சோதனைக்காக வாசலில் லாரி நின்றது. ராமகிருஷ்ணன்தான் காவல். நான் அவள் துணி மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"இவனும் ஒரு காலத்துல பதிமூணு வயசுப் பையன்தானேண்ணே. இவனுக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. பொம்பளப் புள்ளைங்களுக்கு என்னால ஆனதச் சொல்லிட்டேன். பசங்களுக்கு நான் சொன்னா இளிக்கிறானுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எவனும் இளிக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை லயத்துப் பசங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு, பொண்ணு வேணாம்னா கேட்டுக்கிட்டுப் போகணும்டானு நீங்க சொல்லுங்க."