அப்பாவின் மொழிபெயர்ப்பு

என் தம்பியைச் சோதிக்க வந்த பெண்மணிக்கு எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் கேசரி கிடைத்தது. நான் சோதிக்க வரவில்லை, சிறு குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று பெற்றவர்களுக்குச் சொல்லித் தரத்தான் வருகிறேன் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பா நம்பவில்லை. கையில் காகிதமும் பேனாவுமாக ஒருவர் வீடு தேடி வந்தால் அது இன்ஸ்பெக்‌ஷனைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும் என்பது அவர் கட்சி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அவர் குமாஸ்தா. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

அப்போது டெல்லியில், கோல் மார்க்கெட் பக்கத்துப் பழைய குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தம்பிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பெண்மணி ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள். சிறு குழந்தைகள் இருக்கும் வீடுகளாகப் பார்த்து வாரம் ஒரு முறை போவார். அக்கா என்பதற்கு ஹிந்தியில் என்ன சொல்வார்களோ அதையே பெயராக்கி எல்லோரும் அவரைத் தீதி என்றார்கள். தோளில் துணிப்பை, வெயிலுக்குத் தலையில் துப்பட்டா, மாடிப்படி ஏறி வந்ததும் வாங்கும் மூச்சு. நல்ல மாதிரி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. நல்ல மாதிரியாக இருந்து என்ன செய்ய, எங்கள் வீட்டில் அவருக்குப் புரிந்த குரல் அப்பாவுடையது மட்டும்தான்.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். காய்கறிகளின் பெயர்களும் விலை கேட்கும் 'பையா, கித்னா?' என்ற கேள்வியும்தான் அன்று அவளுடைய மொத்த ஹிந்தி. முதலில் தீதி வேலை நாட்களில்தான் வந்துகொண்டிருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொள்வார்கள், தம்பிக்கு ஒரு பந்தை உருட்டி விடுவார்கள், தீதி போய்விடுவார். இதைக் கேள்விப்பட்ட அப்பா, தனக்கு லீவு இருக்கும் சனிக்கிழமைக்கு வரச்சொல்லித் தானே பேசுவதாக ஏற்பாடு செய்தார். குழந்தையின் தகப்பன் பொறுப்பாக முன்வந்து உட்கார்ந்ததில் தீதிக்கு ஏக சந்தோஷம். மற்ற வீடுகளில் ஆண்கள் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்குவதுகூட இல்லையாம்.

முதல் சனிக்கிழமை அம்மா கேசரித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. சுவரோரம் நின்றாள்.

"என்னங்க, பின்னால நின்னு கூப்பிட்டா இவன் திரும்பவே மாட்டேங்கான். தீவாளிக்குத் தெருவே வெடிச்சுது, அசையாமத் தூங்குனான். காது கேக்கான்னு எனக்குப் பயமா இருக்கு. அதை அவங்ககிட்டக் கேளுங்க."

அப்பா தீதியின் பக்கம் திரும்பி, டீக்குச் சர்க்கரை போதுமா என்று என் மனைவி கேட்கிறாள் என்று நல்ல ஆபீஸ் ஹிந்தியில் சொன்னார். தீதி சிரித்துக்கொண்டே "பஸ், பஸ்" என்று அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். போதும் என்று அர்த்தம்.

"சொல்லியாச்சு. போகப் போகச் சரியாயிரும்ங்காங்க" என்றார் அப்பா.

இரண்டு மொழியும் தெரிந்த நான் தரையில் உட்கார்ந்து கேசரியிலிருந்து முந்திரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதும் அப்பா சொன்னதும் வேறு வேறு என்பது எனக்குத் தெரிந்தது. பெரியவர்கள் விஷயத்தில் அது அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை ஒரேயடியாகக் கொடுமைக்காரர் ஆக்கிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. ஊரில் அவருக்கு ஓர் அக்கா இருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அவளை ஊரே ஊமைச்சி என்றுதான் கூப்பிட்டது. வீட்டுக்கு யாராவது சம்பந்தம் பேச வந்தால் அவளைப் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். சாத்துகிற வேலை சிறு வயதில் அப்பாவுடையதாம். விடுமுறைக்குப் போகும்போது அத்தையை நானும் பார்த்திருக்கிறேன். என் கன்னத்தைத் தடவிவிட்டுத் தானாகவே உள்ளே போய்விடுவாள். தம்பியைப் பற்றி அம்மா வாயைத் திறந்தபோதெல்லாம் அப்பாவுக்கு அந்தக் கதவு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது வேறு.

"ஒருக்க ஃபைல்ல ஏறிட்டுன்னா அப்புறம் இறங்காது, தெரிஞ்சுக்கோ. வீட்ல தமிழு, வெளியில ஹிந்தி. ரெண்டு பாஷை கேக்குத பிள்ளை லேட்டாத்தான் பேசும். டெல்லியில எல்லார் வீட்லயும் இதான் கதை."

இதையே ஹிந்தியில் தீதியிடமும் சொன்னார். தீதி தலையாட்டினார். மதராஸிகள் வீட்டிலும் பெங்காலிகள் வீட்டிலும் அவர் இதைப் பலமுறை கேட்டிருந்தார். உண்மையாகவே சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசின. அதனால் எங்கள் வீட்டுப் பொய் மற்ற வீடுகளின் உண்மையோடு சேர்ந்து தாராளமாகச் செல்லுபடியானது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒத்திகை நடக்கும். அலுவலகத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் அப்பா தம்பியைத் தக்தின் மேல் உட்கார வைப்பார். தக்த் என்றால் நாற்காலிகளுக்குப் பதிலாக நாங்கள் போட்டிருந்த பெரிய மரப்பலகைக் கட்டில். டம்ளர் அடுக்குவது, மூக்கைத் தொடுவது, டாட்டா காட்டுவது எல்லாம் பயிற்சி. அப்பா தன் மூக்கைத் தொடுவார், தம்பியும் தொடுவான். அவனைப் போல ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. எதிரில் இருக்கும் முகத்தை விட்டு அவன் கண் நகரவே நகராது. மறுநாள் தீதி "நாக் கஹான் ஹை?" என்று மூக்கைக் கேட்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் அப்பா மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்பார். தம்பி மூக்கைத் தொடுவான். தீதி "ஷாபாஷ்!" என்பார். இதை அப்பா ஏமாற்று வேலை என்று நினைக்கவேயில்லை. ஆடிட் வருவதற்கு முன்னால் அலமாரியை ஒழுங்குபடுத்தி வைப்பதில் என்ன தப்பு?

தீதி சொன்னவற்றில் ஒன்றை மட்டும் அப்பா எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். குழந்தையோடு ஓயாமல் பேச வேண்டும். மாவு பிசையும்போது, துணி மடிக்கும்போது, குளிப்பாட்டும்போது என்ன செய்கிறோமோ அதைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அம்மா செய்தாள். பாவி, என்னமாய்ச் செய்தாள்! "இது வெண்டைக்கா ராசா, காம்பை இப்படி ஒடிக்கணும், முத்தலா இருந்தா ஒடியாது" என்று நாள் முழுக்க அவனிடம் பேசிக்கொண்டே இருப்பாள். தொண்டை கட்டிக்கொள்ளும். சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசுவாள். அவள் பேசிய தமிழில் ஒரு சொல்கூட இன்று தம்பியிடம் இல்லை. சிறப்புப் பள்ளியில் அவன் பின்னாளில் கற்றது ஹிந்தி, அதுவும் எழுத்தாக மட்டும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் எனக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏட்டி, அப்பா தீதிகிட்டச் சொல்லுதாங்கள்லா, தம்பி திரும்ப மாட்டேங்கான்னு. தீதி அதுக்கு என்ன சொல்லுதாங்க?"

"அப்பா அதைச் சொல்லவே இல்லயே. டீக்குச் சர்க்கரை போதுமான்னுதான கேட்டாங்க."

சீப்பு ஒரு கணம் என் தலையில் நின்றது. பிறகு வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எல்லாம் முறைப்படி நடந்தது. தம்பி டம்ளர்களை அடுக்கினான், மூக்கைத் தொட்டான். அவன் எதிரில் தீதி, பக்கத்தில் அப்பா, கீழே நான். அம்மா அடுக்களையிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தையும் இரும்புக் கரண்டியையும் எடுத்து வந்தாள். புடவை மறைவில் கொண்டுவந்ததால் யாரும் கவனிக்கவில்லை. தம்பியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஓங்கி ஒரு அடி அடித்தாள். வீடே அதிர்ந்தது. நான் துள்ளி விழுந்தேன். அப்பா கையிலிருந்த டீ சிந்தியது. தீதி "ஹாய் ராம்!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து அம்மாவைப் பார்த்தார்.

தம்பி தீதியின் முகத்தைப் பார்த்தான். அவர் கண் போன திசையைப் பார்த்தான். அப்படியே திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"ஷாபாஷ், பேட்டா!" என்று தீதி கைதட்டினார். அப்பா கைதட்டினார். நானும் தட்டினேன்.

"இல்லங்க, இல்லங்க" என்று அம்மா முதன்முறையாகத் தீதியிடம் நேராகப் பேசினாள். "சத்தத்துக்குத் திரும்பல. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் திரும்புனான். அவனுக்குக் கேக்கல தாயி." தன் காதைத் தொட்டாள், கையை விரித்தாள். தீதி அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரித்தபடி, எந்தச் சத்தத்துக்கும் பையன் எப்படித் திரும்புகிறான் பாருங்கள் என்கிறாள், பெருமை தாங்கவில்லை அவளுக்கு என்றார். தீதி எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து "அச்சா, பஹுத் அச்சா" என்று தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதமே, இந்தக் குழந்தைக்கு இனித் தேவையில்லை, கவனிக்க வேண்டிய குழந்தைகள் வேறு இருக்கிறார்கள் என்று சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அம்மா சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேட்டாள், அழுதாள், ஒரு நாள் சமைக்காமல்கூடப் படுத்திருந்தாள். அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நீதானட்டி தட்டை அடிச்ச? திரும்புனாம்லா? எல்லாரும் பாத்தோம்லா?" அவளுடைய சாட்சியைக் கொண்டே அவள் வாயை அடைத்தார். தன் கண்ணால் கண்டதையே அம்மா ஒரு கட்டத்தில் சந்தேகிக்கத் தொடங்கினாள் என்று நினைக்கிறேன். அவரை நான் மன்னிக்காமல் இருப்பது அதற்காகத்தான்.

ஐந்து வயதில் தம்பியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, காதைச் சோதித்துக்கொண்டு வாருங்கள் என்று அங்கிருந்த டீச்சர் சொல்லிவிட்டார். அப்பாவின் ஒத்திகையில் இல்லாத கேள்விகளை அவர் கேட்டிருந்தார். நாலு பேரும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு, இரண்டு காதும் பிறவியிலேயே போய்விட்டது என்றார். இரண்டு வயதில் கொண்டுவந்து கருவி பொருத்திப் பழக்கியிருந்தால் இந்நேரம் பேசிக்கொண்டிருப்பான், இனிமேல் பேச்சு வருவது கஷ்டம், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று ஹிந்தியில் கோபமாகவே கேட்டார்.

அப்பா கைகட்டி நின்றார். யாருமே சொல்லவில்லை சார் என்றார். வீட்டுக்கு வாராவாரம் ஒரு தீதி வந்துகொண்டிருந்தார், அவரே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார், அவரை நம்பிவிட்டோம் என்றார். கொஞ்சம் நிறுத்தி, பையனோடு நாள் முழுக்க இருப்பது இவன் அம்மா, அவளுக்குக்கூட ஒன்றும் தோன்றவில்லையே என்றார்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து தம்பியின் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் சீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அப்பா முன்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். தம்பி அம்மாவின் மடியில். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, மொழி தெரியாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறாளே என்று தோன்றியது. டாக்டர் சொன்னதை முதலிலிருந்து தமிழில் சொன்னேன். பிறகு அப்பா சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், 'அவளுக்குக்கூட ஒன்றும் தோன்றவில்லையே' என்பது உட்பட. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு நேர்மையாக மொழிபெயர்த்ததில்லை.

அம்மா வெளியே பார்த்தபடி முழுக்கக் கேட்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"சரி" என்றாள்.

காய்கறிக்காரனிடம் ஹிந்தியில் அவள் பேரம் பேசுவதையும், தண்ணீருக்காகக் கீழ்வீட்டுக்காரியோடு ஹிந்தியில் சண்டை போடுவதையும் அதற்குள் நான் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். ஆனாலும் ஆஸ்பத்திரி அறையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பதும், அதை இப்போது என் வாயால் இரண்டாவது முறையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.