தீரேர் மாமா ஜெயித்த நாள்

எங்கள் நெல்லித்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஆம்பிளைகள் இரும்புக் குண்டு எறிவார்கள். பெத்தாங்க் என்று பெயர். பிரெஞ்சுக்காரன் ஊரைக் காலி செய்தபோது எடுத்துப்போக மறந்த சாமான்களில் ஒன்று. முதலில் ஒரு சின்ன மரக்குண்டை வீசுவார்கள். யாருடைய இரும்புக் குண்டு அதன் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவனுக்குப் புள்ளி. எதிராளியின் குண்டு பக்கத்தில் நின்றுவிட்டால் அதைக் குறிபார்த்து அடித்துத் தூக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் என் மாமா. மைதானத்தில் அவருக்குத் 'தீரேர்' என்று பெயர். நான் அதைத் தமிழ் என்றே நினைத்தேன். தீரர்! வீரர், சூரர், தீரர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அடிக்கிறவனுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர் என்பது அந்த மொழியை வகுப்பில் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்த வருஷம் தீரர் தோற்றுக்கொண்டே இருந்தார்.

குடியை நிறுத்துகிற வார்டிலிருந்து அப்போதுதான் அவர் வீடு திரும்பியிருந்தார். இனி ஒரே ஒரு கிளாஸ் உள்ளே போனாலும் பழைய கதைதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குச் சொல்லப்பட்டது, மாமாவுக்கு வயிறு சரியில்லை. கூட்டாளிகளுக்கு அவர் சொன்னது, மாத்திரை சாப்பிடுகிறேன். ஆட்டத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. ஆட்டத்துக்கோ ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவர்கள் பாட்டில் வாங்கவேண்டும். ஜெயித்தவன் முதல் கிளாஸைக் குடித்தே ஆகவேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாதான் இந்தச் சட்டத்துக்குக் காவல்.

அத்தை என்னையும் கூட அனுப்புவார். "மாமா கைய விட்டுடாத. ஆட்டம் முடிஞ்சதும் நேரா வூட்டுக்கு இட்டாந்துடு."

தோற்றதும் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு நழுவுவார். மூலைக் கடையில் எனக்குப் பன்னீர் சோடா. சோடா பிடிக்கும்தான். ஆனாலும் தீரரின் குண்டு வாராவாரம் ஒரு சாண் தள்ளிப்போய் விழுவதை எத்தனை சோடாவால் விழுங்க முடியும்?

அன்றைக்கு ஆட்டம் சமமாக நின்றது. மாமா அடித்தால் ஜெயம். எதிர்க்கட்சியில் ஒரு மீசைக்காரர், லோடு வண்டி ஓட்டுகிறவர், விடாமல் சீண்டினார். "என்னா தீரேர், குண்ட அடிக்கப் போறியா, ரோட்ல போற பஸ்ஸ அடிக்கப் போறியா? உள்ள ஊத்துனாதான்யா உனக்குக் குறி நிக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "அடி மாமா! வேணும்னே தோக்குறியா நீ?" என்று கத்தினேன்.

மாமா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் குண்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு வீசினார்.

டங்!

எதிராளியின் குண்டு சுவரோரம் போய் விழுந்தது. மாமாவுடையது அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. நான் குதித்த குதியில் என் செருப்பு எங்கோ பறந்தது.

செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தால், மாமா கையில் நிறைந்த கிளாஸ். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எனக்கோ என் கவலை. "மாமா, தோத்தாதான் சோடாவா? ஜெயிச்சா கிடையாதா?"

மாமா கிளாஸைத் தரையில் வைத்தார்.

"மாத்திரையெல்லாம் இல்லப்பா. வார்டுல கெடந்துட்டு வந்தேன். நிறுத்திட்டேன். இத்தத் தொட்டா மறுபடி எழுந்திருக்க மாட்டேன்."

சொல்தா தாத்தா குனிந்து கிளாஸை எடுத்து மண்ணில் கவிழ்த்தார். "மொத கிளாஸ் ஜெயிச்சவனுக்கு. அதான சட்டம்? கிளாஸுல என்னான்னு எவன் சொன்னான்? தீரேர், உனக்கு என்னா வேணும்?"

"பன்னீர் சோடா" என்றார் மாமா.

மீசைக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். பை நிறைய சோடாவோடு வந்து, முதல் பாட்டிலை மாமாவிடம் நீட்டினார். "பஸ்ஸுன்னு சொன்னத மனசுல வெச்சிக்காத தீரேர்." அவரும் ஒன்றை உடைத்துக் குடித்தார். வாங்கிய பிராந்தியையும் சிலர் குடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்த மைதானத்தில் ஜெயித்தவனைக் கேட்டுவிட்டு ஊற்றுகிற வழக்கம் அன்று வந்தது, இன்னும் இருக்கிறது. சோடா கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர்.

நான் முன்னால் வீட்டுக்கு ஓடி, "அத்தை, மாமா ஜெயிச்சிட்டாரு!" என்றேன். அத்தையின் முகம் செத்துவிட்டது. பெண்களுக்கு விளையாட்டில் அக்கறையே இல்லை என்று, நானும் ஒரு பெண் என்பதை மறந்து, நொந்துகொண்டேன். மாமா வாசலுக்கு வந்ததும் அத்தை அவர் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். பன்னீர் வாசனை. இன்னொரு முறை இழுத்தார். அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் ஓடிற்று.

பாவம், அத்தைக்குப் பன்னீர் சோடா மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பாட்டிலில் பாதியை மிச்சம் பிடித்து, சிந்தாமல் வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.