கட்டைவிரல் நாற்பத்திரண்டு

மாணவர்களுக்கு வாட்ஸாப் குழு நடத்துவது என்பது, ஒரே நேரத்தில் நாற்பத்து மூன்று பேர் உள்ளே வந்து, ஒருவரும் உட்காராமல், ஒருவரும் பேசாமல் நிற்கிற வகுப்பறையைக் கட்டி மேய்க்கிற வேலை. நீங்களும் ஏதாவது ஒரு குழுவுக்கு அட்மின் ஆகி மாட்டிக்கொண்டவர் என்றால், நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். காரைக்கால் கோவில்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இளங்கோ சார் நடத்தும் டியூஷனில் ரெஜிஸ்டர் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் விட்டவர்கள் மறுபடி எழுதுவதற்கான டியூஷன் அது. சனி, ஞாயிறு காலையில் மட்டும் வகுப்பு. மற்ற ஐந்து நாளும் பிள்ளைகள் கணக்கை மறந்துவிடுகிறார்கள் என்று சார் ஒரு குழு தொடங்கினார். தினமும் மூன்று கணக்கு போடுவார். பிள்ளைகள் சந்தேகம் கேட்டு, தங்களுக்குள் பேசி, விடை கண்டுபிடிக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அவர் விடை போடுவார். யார் எத்தனை தடவை பேசினார்கள் என்று எண்ணி வைப்பது என் வேலை.

ஒரு ஆள் கூடுதல்

பிள்ளைகள் நாற்பத்து மூன்று. சார் ஒன்று, நான் ஒன்று. மொத்தம் நாற்பத்தைந்து. ஆனால் குழுவின் பெயருக்குக் கீழே போன் காட்டியது நாற்பத்தாறு. ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராக டிக் அடித்தேன். மூன்று தடவை அடித்தும் கடைசியில் ஒரு நம்பர் தனியாக நின்றது. படத்தில் ஒரு ரோஜாப்பூ.

யார் என்று நேராகக் கேட்கக் கூச்சம். இரண்டு நாள் அந்த ரோஜாப்பூ என்ன பேசுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் சார் போடுகிற எல்லாவற்றையும் முதல் ஆளாகப் பார்த்துவிடுகிறது. மூன்றாம் நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, வெளி ஆள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று சாரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்துக் காட்டினார். "அது நான்தாம்மா. நான் போடுறது எனக்கு ஒழுங்கா வருதான்னு பாக்க வேணாமா?"

உள்ளேன் அம்மா

குழு என்றால் முதலில் வருகைப்பதிவு எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். யாரும் எனக்கு வேறுவிதமாகச் சொல்லவில்லை. முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ரெஜிஸ்டரில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு பெயராகத் தட்டி அனுப்பினேன். ஒரு விரலால் தட்டுகிறவள் நான். பதினேழாவது பெயர் வரும்போது மணி எட்டேகால்.

பிள்ளைகளும் சளைக்கவில்லை. ஒருத்தன் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு தடவையும், பஸ்ஸில் ஏறி ஒரு தடவையும் 'உள்ளேன்' போட்டான். வராதவனுக்காக அவன் சிநேகிதன் போட்டான். கை கூப்பும் படம், சூரியன் படம், காபி டம்ளர் படம் எல்லாம் வந்தன. நான் பத்தரை மணிக்குக் கணக்கை முடித்து, வந்தவர்கள் முப்பத்தெட்டு என்று பெருமையாக எழுதினேன். அதற்குக் கீழே ஃபைசல் என்ற பையன் எழுதினான்: "ரெஜிஸ்டர் அம்மா, நாங்க எல்லாரும் உள்ளேன். சார் காலையில போட்ட மூணு கணக்குதான் எங்க போச்சுன்னு தெரியல."

கட்டைவிரல்

பதினான்காம் நாள் சார் ஒரு தண்ணீர்த்தொட்டிக் கணக்குப் போட்டார். மொத்த வரிசையில் அது நாற்பத்தோராவது. உருளை வடிவத் தொட்டி, இத்தனை அடி விட்டம், இத்தனை அடி உயரம், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது கேள்வி. ஐந்து மணிக்கு விடையைப் போட்டு, 'புரிந்ததா?' என்று கேட்டார். கட்டைவிரல் வர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று நாற்பத்திரண்டு கட்டைவிரல். ஒரே ஒரு ஆள் பாக்கி. சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி. கட்டைவிரல் என்றால் புரிந்தது என்று அர்த்தமா, பார்த்துவிட்டேன் என்று அர்த்தமா? அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாடிப்படியில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு நோட்டில் குறித்தேன். கூட்டத்தில் பேசத்தான் எனக்கு வராது. ஒரு ஆளாக வந்தால் பேசிவிடுவேன். புரிந்து போட்டவர்கள் ஒன்பது. பார்த்ததற்காகப் போட்டவர்கள் இருபது. மற்றவர்கள் போட்டதைப் பார்த்துப் போட்டவர்கள் பதின்மூன்று. தேவி என்ற பெண் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள். "கட்டைவிரல் போட்டா சார் மேக்கொண்டு கேள்வி கேக்க மாட்டாரும்மா."

பூஜ்யம்

அந்தப் பாக்கி ஒரு ஆள், வரிச்சிக்குடி சுகந்தி. அவள் கொடுத்திருந்த நம்பருக்குப் படம், நெல் அறுக்கிற மெஷின். என் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே கேள்வி பூஜ்யம், பதில் பூஜ்யம், கட்டைவிரலும் பூஜ்யம். வகுப்பிலும் கடைசி பெஞ்சு. போன தடவை கணக்கில் ஆறு மார்க்கில் விட்டவள். இந்தத் தடவையும் விட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் பேச்சு என்று சேர்க்க வந்த அன்றே அவள் அப்பா சொல்லியிருந்தார்.

பேசாதவர்களுக்கு ஒரு பயம் வேண்டும் என்று சார் ஒரு சட்டம் போட்டார். பத்து நாள் வாய் திறக்காதவர்களைக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவர் சும்மா மிரட்டலுக்குச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் நாட்களை எண்ணினேன். குழு தொடங்கி இருபத்திரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், சட்டப்படி சுகந்தியை எடுத்தேன். சனிக்கிழமை அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாள், ஆனால் வகுப்புக்குள் போகவில்லை. டியூஷனில் கொடுத்திருந்த மாதிரி வினாத்தாள் புத்தகத்தை என் மேஜையில் வைத்தாள். "அப்பா நம்பர எடுத்துட்டீங்கல்லம்மா. 'நம்மள வேணாம்னுட்டாங்க, இனிமே போவாத'ன்னு சொல்லிட்டாரு."

பந்தி

சுகந்தியின் அப்பாவுக்கு மறுபடி அழைப்பு அனுப்பினேன். அதை அவர் தொட்டால்தான் உள்ளே வர முடியுமாம். தொடவில்லை. குரலில் பேசி அனுப்பலாம் என்று பதினோரு தடவை பேசிப் பதிவு செய்தேன். பதினொன்றையும் அழித்தேன். 'வணக்கங்க' என்பதற்கு மேல் என் குரலை என்னாலேயே கேட்க முடியவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறி வரிச்சிக்குடி போனேன்.

சம்பா அறுவடை நேரம். மெஷின் ஒரு வயலை முடித்துவிட்டு வரப்போரம் நின்றது. சுகந்தியின் அப்பா அதன் டிரைவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பேசாதவர்களை எண்ணினேன், சட்டப்படி எடுத்தேன் என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எண்ணுனீங்க, சரிங்க. ஏன் பேசலன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லங்க?" என்றார். மெஷின் வேண்டியவர்கள் கூப்பிடுவது அந்த போனில்தான் என்பதால் காலையிலிருந்து அது அவரோடு வயலில் இருக்கிறது. அது வீட்டுக்கு வரும்போது தினமும் மணி ஏழு.

தப்பு என்னுடையதுதான் என்றேன். அது எப்படியோ ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் கேட்காமலே சுகந்தி நோட்டைக் கொண்டு வந்தாள். எனக்கு எண்ணாமல் இருக்க முடியுமா? இருபத்திரண்டு நாள், அறுபத்தாறு கணக்கு, அறுபத்தாறும் போட்டிருந்தாள். நாற்பத்து மூன்று பேரில் வேறு யாரும் அப்படிப் போடவில்லை. நாற்பத்தோராவது கணக்கை மட்டும் ஐந்து தடவை போட்டு, ஐந்து தடவையும் அழித்திருந்தாள். அழித்த தடத்தில் ஐந்திலும் ஒரே விடை.

"ஏன் அழிச்ச?" என்றேன்.

"சார் போட்ட விடைக்கு நாலுல ஒரு பங்குதாம்மா வருது. எல்லாரும் புரிஞ்சுதுன்னு கட்டைவிரல் போட்டுருக்காங்க. எனக்குத்தான் வரலன்னு நெனச்சேன்."

எட்டாம் வகுப்புக்காரிக்கு அந்தக் கணக்கு புரியாது. ஆனால் ஐந்து தடவை எண்ணி ஐந்து தடவையும் ஒரே எண் வந்தால், நான் அதை அழிக்க மாட்டேன். இதைக் குழுவில் கேட்டிருக்கலாமே என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பந்தி முடிஞ்சு இலையெல்லாம் எடுத்தப்புறம்தாம்மா எங்க போன் வீட்டுக்கு வருது."

மறுபடியும் நாற்பத்தாறு

அவள் அப்பா அங்கேயே அழைப்பைத் தொட்டார். விரலில் கிரீஸ் இருந்ததால் மூன்று தடவை தொட வேண்டியிருந்தது. "பரீட்ச முடியிற வரைக்கும் போவட்டும். இன்னொரு தடவ எடுத்தீங்கன்னா, நானே வந்து ரெஜிஸ்டர்ல பேர அடிச்சுட்டுப் போயிடுவேன்" என்றார். சரி என்றேன்.

சாரிடம் போய், விடையை இனிமேல் ஐந்து மணிக்குப் போடாதீர்கள், இரவு எட்டு மணிக்குப் போடுங்கள் என்றேன். முப்பது வயது இளையவர் என்றாலும் அவரிடம் நான் அதுவரை எதையும் இப்படிச் செய்யுங்கள் என்று சொன்னதில்லை. ஏன் என்று கேட்டார். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தேன், அதைக் காட்டினேன். யார் யார் போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது என்ற கட்டம். ஏழு மணிக்கு மேல் போன் கைக்கு வருகிறவர்கள், இதுவரை விசாரித்த அளவில், பன்னிரண்டு பேர். சார் விடை போடும் நேரத்தை எட்டு மணிக்கு மாற்றினார். பத்து நாள் சட்டத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணி இருபது நிமிடத்துக்கு மெஷின் படத்தை வைத்த நம்பரிலிருந்து முதல் செய்தி வந்தது. வணக்கம் கூட இல்லை. 'சார், 41-வது கணக்குல விட்டத்த ஆரம்னு வச்சுப் போட்டுட்டீங்க. பாதியாக்கணும். நான் அஞ்சு தடவ போட்டுப் பாத்துட்டேன்.' கூடவே நோட்டுப் பக்கத்தின் படம். இந்தத் தடவை அழிக்கவில்லை.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டுகிறது, ஒரு கட்டைவிரலும் காணோம். சார் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும், நிற்கும், மறுபடி காட்டும். நான் வரிச்சிக்குடி வரப்பை நினைத்துக்கொண்டேன். சார் கோபமாக ஏதாவது எழுதினால் அந்த அப்பா ரெஜிஸ்டரைத் தேடி வருவார், பிறகு அந்தப் பெண் எந்தக் குழுவிலும் வாய் திறக்க மாட்டாள். ஏழு இருபத்தொன்பதுக்கு சாரின் குரல் வந்தது. "சுகந்தி சொல்றதுதான் சரி, தப்பு என்னுது. ஏம்ப்பா, நாப்பத்திரண்டு பேரு கட்டைவிரல் போட்டீங்களே, எதப் பாத்துப் போட்டீங்க?"

ஆக, இரண்டு நோட்டு நிறைய நான் எண்ணி வைத்ததில் உருப்படியாகத் தேறியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் பூஜ்யம் என்று எழுதி வைத்திருந்த இடத்தில்.