கப்பல்காரரும் சயாம் லாரியும்

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் தஞ்சம் புகுந்த அவரை நாங்கள் கப்பல்காரர் என்றே அழைத்தோம். போர்க்கப்பலில் வெகுகாலம் இன்ஜினியராக இருந்தவர். கப்பல் மூழ்கியதும் இங்கே வந்து சேர்ந்தார். ஒல்லியான, கருத்த மனிதர். எந்த இன்ஜினையும் காது வைத்துக் கேட்ட பிறகுதான் தொடுவார்.

போனவர்கள் உயிரோடு திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்த லாரி ஒருநாள் தோட்டத்தில் பழுதாகி நின்றுவிட்டது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கப்பல்காரரிடம் ஓடிவந்தார்.

"அண்ணே, சீக்கிரம் சரி பண்ணுங்க. ஜப்பான்காரன் காத்துக்கிட்டு இருக்கான்லா."

"நம்ம ஆளுங்கள அள்ளிட்டுப் போறதுக்கா? முடியாது தம்பி."

கிராணி அதை அப்படியே ஜப்பான்காரனிடம் போய்ச் சொன்னார். சிப்பாய்கள் கப்பல்காரரை தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலிலேயே அடித்துக் கொன்றார்கள். வேறு லாரி வந்து ஆட்களை ஏற்றிப்போனது.

சாயங்காலம் பிணத்தருகே நின்று, "தங்கமான மனுஷன்லா" என்று கிராணி தேம்பினார். அவர் கண்ணில் வழிந்தது நிஜக் கண்ணீர்.