கத்திரி வெயிலுக்கு நின்ற மை

கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறவளுக்கு முதல் சத்துரு வெயில், அடுத்த சத்துரு பெண்ணைப் பெற்றவள். அதிலும் வரதராஜன்பேட்டைப் பக்கம் எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் முடிந்ததும் எல்லாம் மொத்தமாகக் கத்திரி வெயிலில் வந்து விழும். மை டப்பாவும் கையுமாக வேர்த்து நிற்கிற சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

அடுப்படியில் உட்கார்ந்த பெண்

ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு வாத்தியார் பையனுக்கு எங்கள் தெரு ஜெசிந்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனைத் திருவிழாவில் பார்த்து அவளுக்கு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. நான் மை தீட்டும்போது சிரிப்பை அடக்க முடியாமல் நெளிந்தாள். "அசையாதடி" என்று அதட்டினேன்.

அலங்காரம் முடிந்ததுதான் தாமதம், அவள் அம்மா ஆரோக்கியம் அவளையே பஜ்ஜி போட உட்கார வைத்துவிட்டாள். விறகடுப்பு, உச்சி வெயில். கூப்பிட்டதும் தட்டோடு அப்படியே ஓடினாள். விளக்கெண்ணெயில் குழைத்த மை இரண்டு கன்னத்திலும் கோடாக இறங்கியிருந்தது. பையனுடைய அத்தை காபியைத் தொடவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நிற்க, அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அழுவுற பொண்ணக் கட்டிக்கிட்டுப் போயி நாங்க என்னம்மா பண்றது? அது மனசுல யாரு இருக்கான்னு மொதல்ல கேளுங்க."

டவுன் மை

பழி என் தலையில். அரியலூர் பேன்சி ஸ்டோரில், மழையில் நனைந்தாலும் போகாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்ன பென்சில் மையை வாங்கி வந்தேன். அடுத்து வந்த நிச்சயதார்த்தத்தில், பந்தலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பெண்ணின் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம்.

கடைக்கே போய்க் கேட்டேன். மனுஷர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "மழைக்குத்தாம்மா கேரண்டி சொன்னேன், வெயிலுக்கு சொன்னனா?"

கலையாத மை

மறு வருஷம் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெரம்பலூர் பக்கம் லாரி வைத்திருப்பவர். மூத்த தாரம் தவறி, தலைக்குச் சாயம் பூசுகிற வயது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கே சொல்லியாச்சு, இனிமே என்னடி பேச்சு?" என்று ஆரோக்கியம் வாயை அடைத்துவிட்டாள்.

அதற்குள் நான் தொழில் கற்றிருந்தேன். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டி, எண்ணெயைக் குறைத்து, கீழிமையைத் தொடாமல் மேலிமையில் மட்டும் மெலிசாக இழுத்துப் பஞ்சால் பவுடர் ஒற்றினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "பெரியம்மா, வழியிற மாதிரி வச்சு வுடுங்களேன். இவங்களும் எழுந்திரிச்சுப் போயிடட்டும்." கதவோரம் ஆரோக்கியம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாதாவ வேண்டிக்கம்மா" என்று சொல்லி இன்னொரு தடவை பவுடர் ஒற்றினேன்.

சாமியார் சம்மதம் கேட்டபோது தலையை ஆட்டினாள். நான் கடைசி வரிசையில் நின்று ஜெபமாலை உருட்டினேன். பூசை முடிகிறவரைக்கும் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. கோயில் முழுக்க எல்லார் முகத்திலும் வேர்வை ஊற்றியதால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பூரித்துப் போனாள்: "எப்புடி வேர்த்துக் கொட்டுது, மை ஒரு பொட்டு கலையலியே! பொண்ணு மொகத்துல எவ்வளவு சந்தோஷம் பாருங்க!"

அந்தக் கோடை முழுக்க எனக்கு ஓய்வே இல்லை, வந்து கூப்பிட்ட தாய்மார் எல்லாரும் ஜெசிந்தாவுக்கு வைத்த மாதிரியே தங்கள் பெண்ணுக்கும் வைக்கச் சொன்னார்கள்.