பாவம் பார்த்துத் திறந்த கூண்டு

போன வருடம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. அபுதாபியிலிருந்து லிவா பாலைவனத்துக்குக் கிளம்பினோம். என் கணவருக்கு முசஃபாவில் ஏசி மெக்கானிக் வேலை. அவருடைய நண்பர் தன் கேம்பர் டிரெய்லரை இரண்டு நாளைக்குக் கொடுத்திருந்தார். படுக்கையும் அடுப்பும் உள்ள சின்ன வீடு அது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். பிள்ளையில்லாத எங்களுக்குப் பூனைதான் எல்லாம். அதையும் கூட்டிக்கொண்டோம்.

பின்சீட்டில் கூண்டுக்குள் இருந்த பூனை வழியெல்லாம் கத்தியது. நான் நர்ஸ். வார்டில் நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் கட்டில் கம்பியை இறக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் இதனிடம் இளகிவிட்டேன். டீ குடிக்க நிறுத்திய இடத்தில், கணவருக்குத் தெரியாமல் கூண்டை டிரெய்லருக்குள் கொண்டுபோய்த் திறந்து, பூனையை வெளியே விட்டேன். வெறும் கூண்டைத் துணியால் மூடிப் பின்சீட்டில் வைத்து, தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். தண்ணீர் வைக்கலாமென்று டிரெய்லர் கதவைத் திறந்தேன். பூனை இல்லை. படுக்கைக்கு அடியிலும் இல்லை. கூரையிலிருந்த காற்று ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. பின்னால் லாரிகள் பறந்துகொண்டிருந்த சாலை! அழுதுகொண்டே கணவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"ஏறு, வந்த வழியே போய்ப் பாப்போம்" என்று வண்டியைக் கிளப்பினார்.

"ருக்கோ பாய், ருக்கோ!"

பங்கிலிருந்த பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்த பாகிஸ்தானியப் பட்டாணியரான ஒரு லாரி டிரைவர், நிறுத்தச் சொல்லிக் கையை விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் ஓடி வந்து நின்றார். டிரெய்லரின் சக்கரத்தைக் காட்டினார். டயருக்கு மேலே ஒரு வால் தொங்கியது. பங்கில் வண்டி நின்றதும், டிரெய்லர் இருக்கைக்கு அடியில் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிய ஓட்டை வழியாக இறங்கி, அங்கே ஒடுங்கியிருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

ஜும்மா தொழுகைக்காகத் துவைத்துப் போட்ட வெள்ளைக் குர்தாவோடு அவர் எண்ணெய்த் தரையில் படுத்தார். கையெல்லாம் பிறாண்டல் வாங்கி, அதை இழுத்து என் மடியில் போட்டார். காயத்தைக் கழுவிவிடப் போனேன்.

"மாஃபி முஷ்கில், பெஹன்" என்று, ஒன்றுமில்லை சகோதரி எனச் சொல்லிவிட்டு, கறுப்புக் கறையோடு தொழுகைக்கு ஓடினார்.

பூனையைக் கூண்டில் அடைத்து, பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டினேன். கத்தியது. திறக்கவில்லை. அதைக் கொல்லப் பார்த்தது சக்கரமல்ல, என் இரக்கம்தான் என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.